வாசலில் நிற்கும் ரம்புத்தான்: வெட்டி எடுப்பதா, மொட்டையடிப்பதா, கவாத்து செய்வதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், எங்கள் தாமான் குடியிருப்பில் மூலை வீடு எங்களுடையது. தோட்டத்து லயத்தைக் காலி செய்துகொண்டு டவுனுக்கு வந்த 1994இல், வீட்டின் வலப்பக்க மண்ணில் அம்மா ஓர் ஒட்டு ரம்புத்தானை நட்டார். இன்று அது கூரையைத் தாண்டி இன்னொரு கூரை உயரம் நிற்கிறது. இரண்டு ஆண்டுக்கு முன், ஏப்ரலில் ஒருநாள் விடியற்காலை சுமத்ராக் காற்று அடித்தபோது, தொடைப் பருமனுள்ள கிளை ஒன்று முறிந்து கார் கொட்டகைத் தகரத்தின்மேல் விழுந்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அன்று காலையிலிருந்து வீட்டில் ஒரே பேச்சுதான்: இந்த மரத்தை என்ன செய்வது?

வேரோடு எடுத்துவிடலாம் என்றான் தம்பி. பக்கத்து வீட்டு அக்கா, தங்கள் மாமரத்துக்குச் செய்ததுபோல மேலே மொட்டையடித்தால் போதும் என்றார். ஏறத் தெரிந்த ஆளை வைத்து, எந்தக் கிளை எதற்கென்று பார்த்துக் கழிக்கலாம் என்பது என் யோசனை. தோட்டத்தில் பழகிய சொல்லில் சொன்னால், கவாத்து. மூன்றுக்கும் ஆள் பிடித்து விலை கேட்டேன். மொட்டையடிக்க 350 வெள்ளி. கவாத்துக்கு 600. அடிக்கட்டையையும் பெயர்த்து எடுக்க 1,400. விலையை மட்டும் வைத்து முடிவு செய்திருந்தால் அக்கா சொன்னதைத்தான் செய்திருப்பேன்.

எனக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. காலை ஆறரை மணிக்கு அந்த மரத்தில் முதலில் கத்துவது முராய். கருப்பும் வெள்ளையுமாய், வாலைத் தூக்கிக்கொண்டு விசிலடிக்கும் குருவி. தமிழில் குண்டுக்கரிச்சான் என்பார்கள். அதன் பின்னால் சின்னான் ஜோடி வரும். மலாய்க்காரர்கள் அதை மெர்பா என்கிறார்கள்; வாலடியில் மஞ்சள் தடவியதுபோல இருக்கும். ஏழு மணிக்கு மேல் மாங்குயில். படுக்கையைவிட்டு அதிகம் எழ முடியாத அம்மாவுக்கு ஜன்னல் வழியே தெரியும் உலகம் அந்த மரம்தான். எனவே மரத்தை ஒரு கணக்கு, பறவையை இன்னொரு கணக்கு என்று நான் பிரிக்கவில்லை. நம் ஊர்ப்பக்கம் இதே முடிவோடு நிற்கும் வீடுகள் நிறைய. ரம்புத்தான் இருக்குமிடத்தில் மாமரத்தையோ பலாவையோ வைத்துப் படித்தாலும் பெரும்பாலானவை பொருந்தும்.

வேரோடு எடுப்பது எப்போது சரி

இதைத் தப்பான முடிவு என்று நான் சொல்லமாட்டேன். சில மரங்களை எடுத்தே ஆகவேண்டும். அடித்தண்டில், தரையோடு ஒட்டி, பலகைபோல் கெட்டியான காளான் முளைத்திருந்தால் உள்ளே அழுகல் ஓடுகிறது என்று பொருள். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இது புதிதில்லை. கனோடெர்மா காளான் தெரிந்த செம்பனை எவ்வளவு பச்சையாய் நின்றாலும் அதை நம்பமாட்டார்கள். சாய்ந்திருக்கும் மரத்தின் எதிர்ப்பக்கம் மண் புதிதாகத் தூக்கியிருந்தால் அதுவும் ஆபத்து. பல ஆண்டாகவே சாய்ந்து, அப்படியே வளர்ந்த மரம் வேறு. தைப்பிங் ஏரிக்கரையில் தூங்குமூஞ்சி மரங்கள் தண்ணீரைத் தொடுமளவு சாய்ந்து எத்தனையோ காலமாக நிற்கின்றன. சாய்வு பழையதா புதியதா என்பதைப் பார்க்கவேண்டும். சுத்தியலின் பிடியால் அடித்தண்டைச் சுற்றித் தட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் டொக்கென்று பொள்ளல் சத்தம் வந்தால் விவரம் தெரிந்தவரை அழைத்துக் காட்டுங்கள்.

எடுப்பதென்று முடிவானால், முதலில் தையல் நாடாவால் தண்டின் சுற்றளவை அளந்துகொள்ளுங்கள். 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டிய மரத்தை உள்ளூர் மன்றத்தின் அனுமதியின்றி வெட்டக்கூடாது. செத்துக்கொண்டிருக்கும் மரத்துக்கும் உடனடி ஆபத்துள்ள மரத்துக்கும் விலக்கு உண்டு. 80 சென்டிமீட்டர் என்பது நாம் நினைப்பதைவிடச் சிறியது. எங்கள் ரம்புத்தான் 112 இருந்தது. சொந்த வீட்டு மரம்தானே என்று பலரும் அளக்காமலே செயின்சோவை எடுக்கிறார்கள். நகராண்மைக் கழகத்தில் ஒரு கடிதமும் நாலைந்து படமும் கொடுத்துக் கேட்டுவிடுவது நல்லது. வெட்டிய கிளையைப் பின்னால் குவித்துக் கொளுத்துவதும் கூடாது. திறந்தவெளி எரிப்பை 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் தடுக்கிறது. எனவே விலை பேசும்போதே குப்பையை ஏற்றிச் செல்வதும் சேர்த்தியா என்று கேளுங்கள்.

எங்கள் மரத்தில் காளான் இல்லை, மண் தூக்கவில்லை, தட்டிய இடமெல்லாம் ஒரே சத்தம். முறிந்தது ஒரு கிளை மட்டும். அதுவும் குறுகலான கவட்டையில் பட்டை உள்ளே மடிந்து, ஆதியிலிருந்தே பலமில்லாமல் ஒட்டியிருந்த கிளை. முப்பதாண்டு நிழலை ஒரு கிளைக்காகக் கொடுக்க எனக்கு மனமில்லை. பணக் கணக்கிலும் அது கட்டாது. ரம்புத்தான் ஒட்டுக்கன்று காய்க்க நாலைந்து ஆண்டு ஆகும்; கூரைக்கு நிழல் தர அதைவிட அதிகம்.

மொட்டையடித்தால் என்ன ஆகும்

இதைத்தான் நம் ஊரில் அதிகம் பேர் செய்கிறார்கள். அதனால் இதைப் பற்றித்தான் அதிகம் சொல்லவேண்டும்.

பக்கத்து வீட்டு மாமரத்தை மூன்று ஆண்டுக்கு முன் ஒரு குத்தகைக்காரர் தலையோடு சீவிவிட்டுப் போனார். அரைநாள் வேலை. லாரியில் ஏற்றி, கூட்டிப் பெருக்கி, பார்க்கச் சுத்தமாக இருந்தது. மறுவாரம் அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தெருவில் தள்ளிக்கொண்டு போனபோது, வேலியோரம் நீட்டியிருந்த ஒரு கிளைக்கட்டை அவர் கைக்கு எட்டியது. அம்மா இருபத்தேழு ஆண்டு பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். வலது கைப் பெருவிரல் ஓரத்தில் கத்திப்பிடி காய்ப்பு இன்னும் இருக்கிறது. அந்த விரலை வெட்டுவாயின் விளிம்பில் வைத்து, பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மெதுவாக ஓட்டினார். சுற்றிவர ஓட்டிவிட்டு, நடுவில் விழுந்திருந்த வெடிப்பில் நகத்தை நுழைத்துப் பார்த்தார்.

"பால் மரத்துல கத்தி கட்டையத் தொட்டாலே கங்காணி கத்துவாரு. காயம் போட்டா பட்டை மறுபடி நல்லா வராதுன்னு. இவன் கட்டையவே நடுவுல வெட்டி வச்சிட்டுப் போயிருக்கான். இது மூடாதுடா."

பால் மரம் வெட்டிய வீட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பட்டையை மெல்லிசாய்ச் சீவ வேண்டும், கட்டைக்கு மேலே மெல்லிய பட்டை மிச்சமிருக்க வேண்டும். அந்த மிச்சத்துக்கும் கட்டைக்கும் நடுவேயுள்ள உயிருள்ள ஏடுதான் மறுபட்டையை வளர்ப்பது. கத்தி ஆழமாய்ப் போன இடம் பின்னாளில் முடிச்சு முடிச்சாய்ப் புடைத்துக்கொள்ளும்; அடுத்த சுற்று வெட்டுக்கு அங்கே கத்தி ஓடாது. 1877இல் கோலகங்சாரில் முதல் ரப்பர்க் கன்றுகளை ஊன்றிய காலத்திலிருந்து இந்த நாட்டில் அதிகம் பேர் கையால் படித்த மர வைத்தியம் இதுதான் என்று நினைக்கிறேன். அதிலும் பெரும்பங்கு நம் சனங்களின் கை.

அம்மா விரலால் சொன்னதை அமெரிக்க வனத்துறையில் பணிசெய்த அலெக்ஸ் ஷைகோ அறிவியலாகச் சொன்னார். ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்து உள்ளே பார்த்தவர் அவர். 1970களில் அவர் எடுத்துச் சொன்ன செய்தி இது: நம் உடம்புபோல மரம் காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி, பிரித்துவைத்து, மேலே புதுக்கட்டையை வளர்த்து மூடுகிறது. அப்படி மூடும் வல்லமை கிளை தண்டோடு சேரும் இடத்தில் அதிகம். அங்கே சற்றுப் புடைத்த ஒரு வளையம் இருக்கும். கிளைக் கழுத்து என்று சொல்லலாம். அந்தக் கழுத்தை ஒட்டி, கழுத்தைக் காயப்படுத்தாமல் வெட்டினால் மரம் மூடிக்கொள்ளும். கிளையின் நடுவில் வெட்டிய மொட்டைக்கட்டைக்கு அந்த வசதி இல்லை. வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் நம் ஊரில் வெட்டுவாய் வெடித்து, தண்ணீர் இறங்கி, அழுகல் உள்ளே நடக்கத் தொடங்கிவிடும்.

பிறகு வருவது குச்சிக்காடு. இலையெல்லாம் போன மரம் பதறிப்போய், வெட்டுவாய்க்குக் கீழே கொத்துக் கொத்தாய்க் குச்சிகளைத் தள்ளும். அக்கா வீட்டு மாமரத்தில் ஒரே கட்டையில் பதினேழு எண்ணினேன். அவை மேல்பட்டையில் ஒட்டிக்கொண்டு வளர்பவை, கட்டைக்குள் வேரூன்றிய கிளைகள் இல்லை. மூன்று ஆண்டில் பழைய உயரத்தைப் பிடித்துவிட்டன. இப்போது அடுத்த காற்றுக்கு எது முறியும் என்று தெரியாமல் அக்காவே பயப்படுகிறார். காற்றுக்குப் பயந்து வெட்டிய மரம் முன்னைவிட அபாயமாகிவிட்டது. பழமும் இல்லை. ரம்புத்தானுக்கும் மாமரத்துக்கும் பூங்கொத்து வருவது கிளை நுனியில். நுனி முழுவதையும் எடுத்துவிட்டால், புதுக்குச்சி முற்றிப் பூக்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

பறவை என்ன ஆனது என்று கேட்டால், மொட்டையடித்த மரத்தில் மைனாவும் காகமும் உட்காரும். சுற்றிலும் தெரியும்படியான வெறுங்கட்டை அவற்றுக்குப் பிடிக்கும். சின்னானும் தையல்சிட்டும் தேன்சிட்டும் மறைவு தேடும் பறவைகள். இலை மூட்டம் போனால் அவையும் போய்விடும். அன்று குத்தகைக்காரர் தள்ளிய கிளையில் சின்னான் கூடு ஒன்று இருந்தது. அக்கா பார்த்தது லாரியில் ஏற்றிய பிறகுதான். அவர் இன்றும் அதைச் சொல்லி வருந்துகிறார். மேற்குக் கரையில் பெரும்பாலான பறவைகள் கூடு கட்டுவது ஆண்டின் முற்பாதியில். எந்த மரத்தில் கை வைத்தாலும் முதலில் கீழே பத்து நிமிடம் நின்று, பறவை வாயில் புழுவோடு எந்தக் கிளைக்குப் போகிறது என்று பாருங்கள்.

கையில் 350 வெள்ளிதான் இருக்கிறது, என்ன செய்வது என்று ஒரு நண்பர் கேட்டார். அதே பணத்துக்கு இந்த ஆண்டு கூரைமேல் நீளும் இரண்டு கிளைகளை மட்டும் கழுத்தோடு ஒழுங்காக எடுக்கச் சொல்லுங்கள். மிச்சத்தை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். மொட்டைக்குக் கொடுக்கும் காசு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் போகும் காசு.

கவாத்து: ஆளைக் கேட்க வேண்டிய கேள்விகள்

600 வெள்ளி கேட்டவர் கிராமத்திலிருந்து வந்த நடுவயது மலாய்க்காரர்; அபாங், அதாவது அண்ணன் என்று கூப்பிடுவோம். ஏறுவதற்கு முன் மரத்தை மூன்று சுற்றுச் சுற்றினார். எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது. முதலில் எடுத்தவை காய்ந்த கிளைகள். அடுத்து, ஒன்றோடொன்று உரசுபவை. பிறகு கூரைமேல் வருபவை. மொத்தத்தில் பச்சை இலையில் கால் பங்குக்குமேல் ஒரே தடவையில் எடுக்கக்கூடாது என்பது பொது விதி. அவர் ஐந்தில் ஒரு பங்குதான் எடுத்தார். முடிந்தபோது மரத்தின் உருவம் மாறவில்லை, உள்ளே வெளிச்சம் மட்டும் விழுந்தது. காற்றும் அதே வழியில் புகுந்து போய்விடும், மரத்தைப் பாய்மரம்போல் தள்ளாது.

கனமான கிளையை மூன்று வெட்டில் எடுக்க வேண்டும். தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, முதலில் கிளையின் அடிப்பக்கம் கால்வாசி ஆழத்துக்கு ஒரு வெட்டு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது வெட்டு, கிளை விழுந்துவிடும். நிற்கும் கட்டையைக் கழுத்தோரம் மூன்றாவதாக எடுப்பது. ஒரே வெட்டில் மேலிருந்து அறுத்தால், கிளை தன் கனத்தில் தொங்கி, தண்டின் பட்டையை வாழைப்பட்டைபோல் உரித்துக்கொண்டு இறங்கும். உங்களிடம் வருபவரிடம் இதை எப்படி எடுப்பீர்கள் என்று கேளுங்கள். அடிவெட்டைப் பற்றிச் சொன்னால் வேலை தெரிந்தவர். வெட்டுவாயில் சாயமோ தாரோ பூசுவேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது அழுகலைத் தடுப்பதில்லை, உள்ளே ஈரத்தைப் பிடித்து வைப்பதும் உண்டு. மின்கம்பிக்கு அருகில் கிளை போனால் மின்சார நிறுவனமான தெனாகாவுக்குத் தெரிவித்து அவர்கள் ஆள் வந்த பிறகே கை வையுங்கள். அதில் துணிச்சல் காட்டுவதற்கு இடமே இல்லை.

ரம்புத்தானுக்கு ஏற்ற காலம், பழம் முடிந்த கையோடு. பெரிய பருவம் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை என்றால், செப்டம்பரில் கழித்துவிட்டால் புதுத்தளிர் முற்றி அடுத்த பூவுக்குத் தயாராகும். கூடு கட்டும் காலமும் அதற்குள் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். மரத்துக்கும் பறவைக்கும் ஒரே மாதம் பொருந்தி வருவது நமக்கு வசதி.

ஒரு காய்ந்த கட்டையை மட்டும் வைக்கச் சொன்னேன். வீட்டுக்கும் தெருவுக்கும் எதிர்ப்பக்கம், விழுந்தாலும் புல்லில் விழும் கிளை. செம்மார்புக் குக்குறுவான் தன் பொந்தைத் தானே குடைந்துகொள்ளும் பறவை. உளுத்த கிளைதான் அதற்கு வேண்டும். நாள் முழுக்கச் செம்பு தட்டுவதுபோல் டொங் டொங்கென்று கேட்கும் குரல் அதுதான். அது விட்டுப்போன பொந்தும் வீணாகாது, வேறு பறவை ஏதாவது குடியேறும். மரத்தைச் சுத்தமாக்குகிறேன் என்று எல்லாக் காய்ந்த கிளையையும் எடுத்துவிட்டு, பிறகு கடையில் பறவை கூடு கட்டும் பெட்டி வாங்கி மாட்டுவதைவிட இது எளிது.

பறவைக்குச் சோறா, பழமா, பூவா, தண்ணீரா

மரம் நிலைத்தது. அதன் கீழே என்ன செய்தால் இன்னும் பறவை வரும் என்பது அடுத்த முடிவு.

சோறும் தானியமும் வைப்பதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். எங்கள் வீட்டில் அம்மா இன்றும் அமாவாசையன்று காக்கைக்கு ஒரு பிடி வைக்கச் சொல்வார். அது முன்னோருக்கு வைப்பது, அதில் நான் குறுக்கிட மாட்டேன். ஆனால் தினமும் தட்டில் சோறு கொட்டினால் வருபவை காகம், மைனா, மாடப்புறா, ராத்திரியில் எலி. இங்கு ஊர்களில் நாம் பார்க்கும் சாம்பல் கழுத்துக் காகம் இந்த மண்ணுக்கு உரியதில்லை. நூறாண்டுக்கும் முன்னால், பயிரைத் தின்னும் புழுவை ஒழிக்கும் என்று இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்தார்கள். அது மற்றக் குருவிகளின் முட்டையையும் குஞ்சையும் எடுத்துத் தின்னும். தேன்சிட்டு வேண்டுமென்று சோறு வைத்தால், தேன்சிட்டுக் கூட்டைக் குலைக்கும் பறவையை நாமே அழைத்ததாகிவிடும். எலி வந்தால் அடுத்து எலி மருந்து வரும். மருந்து தின்ற எலியைத் தின்னும் கூகையும் சாகும். அதே கூகைக்குத்தான் செம்பனைத் தோட்டங்களில் கம்பம் நட்டுப் பெட்டி கட்டி வைத்திருக்கிறார்கள். பஞ்ச காலம் என்று ஒன்று இல்லாத நம் ஊரில் தட்டில் தீனி வைக்கும் தேவையே இல்லை.

பழமரத்தில் விரைவாகப் பலன் தருவது செரி. கடையில் விற்கும் செர்ரி இல்லை, தேன்பழ மரம். கொய்யா அளவுக்குக்கூட நாம் மதிக்காத மரம், கால்வாய் ஓரத்தில் தானாக முளைக்கும். விதை போட்ட இரண்டாம் ஆண்டே காய்க்கும், பிறகு ஆண்டு முழுவதும் நிற்காது. சின்னான், குக்குறுவான், குயில், சிவந்த கண்ணுடைய பெர்லிங் என்று வந்துகொண்டே இருக்கும். குறைகளையும் சொல்லவேண்டும்: கட்டை மென்மை, காற்றுக்கு முறியும், அகலமாகப் படரும், பழம் மிதிபட்டுத் தரை ஒட்டும், ராத்திரியில் வௌவால் வந்து சுவரெல்லாம் எச்சமிடும். கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். ஆலும் அரசும் பறவைக்கு இதைவிடப் பெரிய விருந்து. ஆனால் அந்த வேர் சாக்கடையையும் சுவரையும் பிளந்துவிடும். பச்சைப்புறாக் கூட்டத்தைப் பார்க்க ஆசையிருந்தால், கோயில் ஆலமரம் பழுக்கும் வாரத்தில் அங்கே போய் நிற்பது நல்லது.

செரிக்கு வரும் விருந்தாளிகளில் ஒன்றைப் பற்றி எச்சரிக்கை தேவை. கட்டைவிரல் பருமன்தான் இருக்கும், ஆண் பறவைக்கு உச்சந்தலையிலிருந்து வாலடிவரை நெடுகச் சிவப்புக் கோடு. பூக்கொத்தி. அழகில் அதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஒருநாள் அது ரம்புத்தான் கிளையில் உட்கார்ந்து பின்புறத்தைக் கிளையில் அழுத்தித் தேய்ப்பதைப் பார்த்தேன். தேய்த்து நகர்ந்த இடத்தில், ஒரு நூல்போன்ற பசையில் பச்சை விதை ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றது. புல்லுருவி விதை. பூக்கொத்திக்குப் பிடித்த பழம் அது. விதையில் பசை இருப்பதால் எச்சமாக விழாமல் ஒட்டிக்கொள்ளும், தேய்த்துத்தான் விடவேண்டும். தேய்த்த கிளையில் முளைத்து, வேரை மரத்துக்குள் இறக்கி, மரத்தின் தண்ணீரைக் குடித்து வளரும். மாமரத்திலும் ரம்புத்தானிலும் வேறு நிறத்து இலையோடு கொத்தாய்த் தெரிவது அதுதான். இதற்காகப் பூக்கொத்தியை விரட்ட நான் சொல்லமாட்டேன். உள்ளே வெளிச்சம் விழும்படி கழித்த மரத்தில் புல்லுருவியைச் சிறிதாக இருக்கும்போதே பார்த்துவிடலாம். முளைத்த இடத்துக்கு ஒரு முழம் கீழே, நல்ல கட்டையில் கிளையை எடுத்துவிட்டால் போதும். இலையை மட்டும் பிய்த்தால் திரும்ப வரும்.

சின்ன இடமுள்ள வீட்டுக்கு என் தேர்வு பூச்செடியும் புதரும்தான். செம்பருத்தி, நம் நாட்டின் தேசிய மலர், எல்லார் வாசலிலும் இருக்கிறது. தேன்சிட்டு பெரும்பாலும் அதன் முன்வாசல் வழியாகப் போகாது. பூவின் அடியில் பச்சைக் கிண்ணத்தருகே அலகால் ஒரு துளை போட்டுத் தேனை எடுக்கும். உதிர்ந்த செம்பருத்தியைப் புரட்டிப் பாருங்கள், அந்தத் துளை தெரியும். வெட்சி, வாழைப்பூ, முருங்கைப்பூ எல்லாவற்றுக்கும் அது வரும். கறிவேப்பிலையைக் குழம்புக்கு மட்டும் என்று நினைக்கிறோம். உச்சியில் இரண்டு கொத்தைப் பறிக்காமல் பூக்கவும் பழுக்கவும் விட்டால், கருத்த பழத்துக்குச் சின்னானும் குயிலும் வரிசையில் நிற்கும். பின்னால் ஒரு பப்பாளி இருந்தால் அதில் ஒரு பழத்தை மரத்திலேயே பழுக்க விடுங்கள். இவற்றில் ஒன்றையும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

ஆனால் மருந்து அடிக்காதீர்கள். தேன் குடிக்கும் தேன்சிட்டுகூடக் குஞ்சுக்குச் சிலந்தியையும் புழுவையும்தான் ஊட்டும். முராய் பெரும்பாலும் பூச்சியை நம்பியது. ரம்புத்தான் அடியில் இலைக் குப்பையைக் கிளறித்தான் வயிறு வளர்க்கிறது. உதிர்ந்த இலையைப் பெருக்கித் தள்ளாமல் தண்டை ஒட்டாதபடி சுற்றிலும் பரப்பிவிட்டேன். மரத்தின் உணவு வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில், இரண்டடி ஆழத்துக்குள் இருப்பவை. அந்த இலை வேருக்கு எரு, முராய்க்குப் பந்தி. மரத்தைச் சுற்றி சிமெண்ட் போட்டுவிட்ட வீடுகளில் இந்த இரண்டும் இல்லை. இன்னொன்று: முராய் நன்றாகப் பாடுகிறது என்று பிடித்துக் கூண்டில் அடைப்பவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். பாதுகாக்கப்பட்ட பறவையை உரிமமில்லாமல் வைத்திருப்பது 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

தண்ணீர்த் தட்டு மிகவும் மலிவானது, பலனும் அதிகம். இரண்டு விரல் ஆழத்துக்குமேல் வேண்டாம். நடுவே ஒரு கரடான கல். பூனை பதுங்க முடியாத வெளியில், அதே நேரம் பறந்து ஒளிய ஒரு கிளை அருகில் இருக்கும்படி வையுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரத்துக்குச் சற்று மேல் போதும். அதனால் நான் தினமும் காலையில் கொட்டிக் கழுவி ஊற்றுகிறேன். அதைச் செய்ய முடியாதவர்கள், அடிக்கடி ஊருக்குப் போகிறவர்கள், தட்டே வைக்க வேண்டாம். கொசுப்புழு இருந்தால் 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சி ஒழிப்புச் சட்டப்படி அபராதம் உண்டு, அதைவிட டெங்கி பெரிது.

கழித்த முதல் ஆண்டு ரம்புத்தான் குறைவாகத்தான் காய்த்தது. தம்பி அதைச் சொல்லிக் காட்டினான். இரண்டாம் ஆண்டில் கீழ்க்கிளைவரை பழம் வந்தது. முன்பு உச்சியில் மட்டும் சிவந்து அணிலுக்கே போய்விடும். அணில் கடித்துத் திறந்த பழத்தில் சின்னான் வந்து மிச்சத்தைக் கொத்துவதை அம்மா படுக்கையிலிருந்தே பார்க்கிறார். மலேசிய இயற்கைச் சங்கம் வீட்டுத் தோட்டப் பறவைக் கணக்கு எடுப்பதுபோல நாங்களும் ஜூனில் ஒரு ஞாயிறு அரைமணி நேரம் உட்கார்ந்து எழுதினோம். அம்மா சொல்ல நான் எழுதியது பதினொரு வகை. மைனாவும் காகமும் அதில் இரண்டு. காய்ந்த கட்டையில் குக்குறுவான் இன்னும் பொந்து போடவில்லை. கொத்திப் பார்த்த தழும்பு மட்டும் இரண்டு இருக்கிறது.

கிழக்குப் பக்கம் ஒரு கிளை மறுபடி கூரைப்பக்கம் நீள்கிறது, அதற்கு மேலே சின்னதாய் ஒரு புல்லுருவியும் தெரிகிறது. அபாங்கிடம் செப்டம்பர் முதல் வாரத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு அக்காவும் அன்றைக்கே தங்கள் மாமரத்துக் குச்சிகளில் எதை வைப்பது, எதை எடுப்பது என்று அவரிடம் கேட்டுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.